பதினெட்டடி மேசை

பாய்,

ஆசாரி ரம்பத்தை வைத்து முதல் இழுப்பு இழுத்ததும் ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். வேம்பு வாசனை. அதற்கடியில் மிஷின் எண்ணெய், சாக்பீஸ் தூள், நாம் சிந்திய டீ. நம் பனியன் கம்பெனியின் கட்டிங் மேசை பதினான்கு வருடமாக எல்லாவற்றையும் குடித்து உள்ளே வைத்திருந்திருக்கிறது.

“நிறுத்துங்க ஆசாரி. டீ குடிச்சுட்டு வெட்டிக்கலாம்” என்றேன்.

“இப்பத்தானுங்களே குடிச்சோம்?”

“அது வந்ததுக்குக் குடிச்சது. இது வெட்டறதுக்குக் குடிக்கிறது.”

அது உங்கள் பேச்சு என்று ஆசாரிக்குத் தெரியாது. கத்தியை எடுக்கும் முன்னால் ஒரு டீ என்பது உங்கள் சட்டம். “வெட்டினத ஒட்ட முடியாதுங்க முதலாளி” என்பீர்கள். கம்பெனியில் ஆளுக்குப் பாதி என்றாலும் என்னை முதலாளி என்றே கூப்பிடுவீர்கள். கிண்டல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டை விற்றுவிட்டேன். எட்டு அறை வீட்டிலிருந்து மாடியில் இரண்டு அறைக்கு வந்துவிட்டோம். எட்டு என்றால் கோழிக்கூண்டையும் சேர்த்துத்தான். மகன் மெட்ராஸிலேயே தங்கிவிட்டான், மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, கம்பெனியையும் மூடியாயிற்று. இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை பீரோவும் அண்டாவும்? நான்கு நாள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. வருகிறவர்கள் வந்தார்கள், தூக்குகிறவர்கள் தூக்கினார்கள். கட்டிங் வேஸ்ட் துணி அடைத்த தலையணை மட்டும் முப்பது போயிற்று. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை சொல்லித்தான் அனுப்பினேன். இந்த வீதிக்கே முதலில் வந்த கலர் டிவி இதுதான், மேட்ச் நாளில் போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது என்று சொன்னபோது என் வீட்டம்மா குறுக்கே வந்தாள்.

“சாமானக் குடுங்க. கத எதுக்குங்க அவங்களுக்கு? அதயும் வெக்க எடம் வேணுமல்ல?”

எல்லாம் போயிற்று. போகாதது மேசை ஒன்றுதான். இருபத்தைந்தடி மேசை. ஆசாரி அளந்துவிட்டுப் பதினெட்டு என்றார், அது அவருடைய டேப். ஞாபகம் இருக்கிறதா, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டுக்கு முன்சுவர் எழும்பும் முன்பே உள்ளே வைத்து மேசையைச் செய்துவிட்டோம். சுவர் கட்டி, கதவு வைத்து, பூஜையும் போட்டு, நீங்கள் ஃபாத்திஹாவும் ஓதிய பிறகுதான் நான் கேட்டேன், இது எப்படி வெளியே போகும் என்று. “எதுக்குங்க போகோணும்?” என்றீர்கள். போக வேண்டி வந்துவிட்டது பாய். வாங்கியவர் வெள்ளிக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்து தரச் சொன்னார். அறுத்தால்தான் போகும்.

உங்கள் பாதியை எடுத்துப் போக உங்கள் மகள் ஜமீலா டெம்போவோடு வந்திருந்தாள். நீங்கள் கண் மூடிய பிறகு வீட்டோடு நான்கு மிஷின் போட்டிருக்கிறாள். கட்டிங் அவளே செய்கிறாள், உங்கள் கத்திரிக்கோலைத்தான் வைத்திருக்கிறாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மேசையைத் தடவிப் பார்த்தவள் கேட்டாள்:

“இதுலதானுங்களா மாமா, எங்கத்தா அந்தக் குட்டைப் பனியன வெட்டுனது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அடுத்ததாக அவள் சொன்னதில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

“போன வாரம் ஒரு கம்பெனில கட்டிங் வேல கேட்டுப் போனனுங்க. யாரு பொண்ணுன்னு கேட்டாங்க. சொன்னதும், அட குட்டைப் பனியன் பாய் பொண்ணா, அந்தக் கை உனக்கும் வந்திருந்தா எங்க கதி என்னாகும்னு ஒரே சிரிப்பு. வேல குடுக்கல.”

பாய், அந்தப் பெயரை உங்களுக்கு வைத்தவன் நான். நடந்தது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். கல்கத்தாவிலிருந்து நமக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். காலண்டரிங்கில் நீவி இழுத்த துணி உருளையில் இறுக்கிச் சுற்றி வந்திருந்தது. மேசை நீளத்துக்கும் விரித்துவிட்டு, “நாளைக்கு வரைக்கும் ஆறட்டும். இழுத்த இழுப்புல இருக்குது. தானாச் சுருங்கி அளவுக்கு வந்தப்புறந்தான் கத்தி. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க முதலாளி” என்று சொல்லிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனீர்கள். ஏழாவதோடு படிப்பு எனக்குப் போதும் என்று முடிவெடுத்தவன் நான், துணி பாடம் நடத்தினால் கேட்பேனா? திரும்பி வந்து நீங்கள் அசந்து போக வேண்டும் என்று கட்டிங் மிஷினை எடுத்தேன். டீ கூடக் குடிக்கவில்லை. முக்கால்வாசி வெட்டி முடித்தபோது மிஷின் வழுக்கி, இடது கட்டை விரலைக் கீறிவிட்டு, மேசை ஓரத்தையும் கடித்துவிட்டு நின்றது.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். கட்டிங் வேஸ்ட்டில் ஒரு துண்டு கிழித்து என் விரலைக் கட்டினீர்கள். “துணிக்கு வலிக்கலயாமா, உங்களுக்கு வலிக்குதுங்களா?” என்றீர்கள். தைத்து, ஒரு அலசு அலசியதும் அத்தனை பனியனும் தொப்புளுக்கு மேலே ஏறிவிட்டது. கல்கத்தா ஆள் வந்து கத்தியபோது நான் வாயைத் திறக்கும் முன், “கட்டிங் மாஸ்டர் நான்தானுங்க. எங்கை தப்பு” என்று முடித்துவிட்டீர்கள்.

நான் அதோடு விட்டேனா? ஆறு மாதத்தில் அதைக் கதையாக்கிவிட்டேன். ஆறடி உயர பாய் அரையடிப் பனியன் வெட்டிய கதை. எந்தக் கல்யாணப் பந்தியில் சொன்னாலும் கூட்டம் சாயும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டு, “கத நல்லாத்தான் போகுதுங்க முதலாளி” என்பீர்கள். என் விரலின் தழும்புக்குத் திருமூர்த்தி மலைச் சிறுத்தையை வரவழைத்திருந்தேன். அதையும் நீங்கள் மறுத்ததில்லை.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜமீலாவிடம் சொன்னேன். “கண்ணு, அத வெட்டுனது உங்கத்தா இல்ல. நான்.”

அவள் என்னைப் பார்த்தாள். என் வீட்டம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

“போங்க மாமா. அத்தா மேல பாசத்துல இதயும் ஜோடிக்கிறீங்க.”

பாய், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஜோடனை இல்லாமல் பேசினேன், நம்ப ஆளில்லை. மடத்துக்குளம் சந்தையில் முதலை பிடித்தேன் என்றபோது நம்பியவர்கள். என் தலைமேல் சத்தியம் செய்தேன். “அந்தத் தலைல எத்தன சத்தியம் ஏறியிருக்குது?” என்றாள் என் வீட்டம்மா.

ஜமீலாவின் கையைப் பிடித்து மேசையின் ஓரத்துக்கு இழுத்துப் போனேன். மேலே ஒட்டியிருந்த தூசியை ஊதினேன். இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு பள்ளம். அதன் பக்கத்தில் என் கட்டை விரலை வைத்தேன். பள்ளம் முடியும் இடத்தில் தழும்பு ஆரம்பித்தது.

அவள் குனிந்தாள். பள்ளத்துக்குள் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் முகம் உங்கள் முகம்.

“பழகாத கை” என்றாள், மெதுவாக. “மிஷின நேராப் புடிக்கல, சாச்சுப் புடிச்சிருக்குது. எங்கத்தா கத்தி மரத்துல பட்டு நான் பாத்ததே இல்லைங்க.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அத்தா ஏன் மாமா கடைசி வரைக்கும் சொல்லல?”

“தெரியல கண்ணு. எங்கதையக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டாரு போல.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசாரியிடம் திரும்பினாள். “இந்தப் பள்ளம் இருக்கற பாதி எனக்கு வேணுங்க. பாத்து அறுங்க.” பிறகு என்னிடம், “அந்தக் கம்பெனிக்கு நாளைக்கு நீங்களும் எங்கூட வர்றீங்க. விரலக் கொண்டுட்டு வாங்க” என்றாள்.

போனேன் பாய். ஆபீஸ் அறையில் அத்தனை பேர் முன்னால் விரலை நீட்டிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. நன்றாகத்தான் இருந்தது. ஜமீலாவுக்கு முதல் லாட் துணியை வெட்டக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வெட்டுவேன் என்று அவள் நிபந்தனை வேறு போட்டாள்.

என் பாதி மேசை மாடிப்படியில் ஏறாது. ஆசாரிக்கே கொடுத்துவிட்டேன். புது வீட்டுக்கு நான் கொண்டு வந்த மரச் சாமான், தட்டுமுட்டு எதுவும் இல்லை. கட்டை விரல்தான் வந்திருக்கிறது. நேற்று பால்காரர் தழும்பைப் பார்த்துக் கேட்டார். சிறுத்தையைக் காட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். மேசையை மட்டும் முப்பதடி என்றேன். விடுங்கள் பாய், கதையை இப்போதுதானே விரித்திருக்கிறேன். ஆறினால் பதினெட்டுக்கு வந்துவிடும்.