மிளகாய்த்தூள் டப்பா என் பையில் இருக்கிறது

என்னங்க, தம்பி காரோடு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சேரக் கிளம்புகிறேன், நாளைக் காலையில் ஆபரேஷன். வீட்டுச் சாவி கீழ்வீட்டு அக்காவிடம்.

ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்குச் சமைத்து வைத்திருக்கிறேன். எதிலும் காரம் கிடையாது. ரத்தம் போகிறது என்று நான் சொன்னபோதெல்லாம், "மூலம்தான்டி, எத்தனை பேருக்கு மருந்து குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? காரத்தைக் குறை" என்று டாக்டரிடம் போகவிடாமல், உங்கள் மருந்துக் கடைக் களிம்பையே ஒரு வருஷம் கொடுத்தீர்களே, அப்போது நான் விழுங்கிய அதே சப்பென்ற சாப்பாடு. குடலில் இருந்த கேன்சர் கல்லீரலுக்குப் போனதும் அந்த வருஷத்தில்தான்.

மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடாதீர்கள். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறது.

சாயங்காலம் உங்கள் அக்கா வருவார். "எல்லாம் விதி, அக்கா" என்று ஆரம்பிக்காமல், களிம்புக் கதையை நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கண் விழித்ததும் நான் சொல்வேன், விலாவாரியாக.

பிரஷர் மாத்திரை குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில், மறக்காமல் போடுங்கள். மிச்சக் களிம்பும் அங்கேதான். பார்த்துக்கொண்டே பல் தேயுங்கள்.

பி.கு.: கல்லீரலில் பாதியை வெட்டினாலும் மறுபடி வளர்ந்துவிடுமாம், டாக்டர் சொன்னார். அதனால் நான் திரும்பி வரமாட்டேனோ என்று பயப்படாதீர்கள். வருவேன், அதற்குப் பயப்படுங்கள். வந்து எழுந்து நின்றதும் நான்தான் சமைப்பேன். டப்பா மொத்தமும் உங்கள் தட்டில்தான்.