ஆடாத ஃபேன்

பிப்ரவரி 6, செவ்வாய்
மேசையில் தகடு ஆடுகிறது, மின்சாரம் வருகிறது. சாயக் கூடத்துக் கூரை ஃபேனில் பொருத்தினால் செத்துப்போகிறது. நேற்றும் இதே கதை. விரல் நீளத் தகடு. ஃபேனின் அதிர்வுக்குச் சுருதி சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்து, பேரிங் எவ்வளவு சூடாகிறது என்று சென்சார் தகவல் அனுப்ப வேண்டும். இப்போதுபோல் சென்சாருக்குப் பேட்டரியே வேண்டாம். வெள்ளிக்கிழமை மேலாளர் பார்க்கிறார். அன்று ஓடாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். இங்கேயே பராமரிப்புப் பிரிவில் இருக்கும் அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பதினான்கு ஃபேனுக்கும் ஏறிப் பேட்டரி மாற்றிக்கொண்டே இருப்பான். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து முட்டியில் கம்பி வைத்த அதே அண்ணன்.

பிப்ரவரி 7
காரணம் தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம். என் சோதனை நன்றாக நடக்க வேண்டுமென்று அண்ணன் ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வந்து, ஃபேனைக் கழற்றித் துடைத்து, எடையைச் சமன் செய்து, கிரீஸ் வைத்து மாட்டியிருக்கிறான். இப்போது பூனை மாதிரி சத்தமில்லாமல் சுற்றுகிறது. அதிர்வே இல்லை.

"உனக்காகத்தான் பாப்பா பண்ணேன். ஃபேன் நல்லா ஓடினா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"நான் கேட்டேனா அண்ணா? உன்ன யாரு தொடச் சொன்னா?"

நொண்டிக்கொண்டே போய்விட்டான். சே, நானெல்லாம் ஒரு மனுஷியா?

பிப்ரவரி 8
மதியம் அவனே வந்தான். ஒரு இறக்கையில் மட்டும் நாலு வாஷரை முறுக்கிவிட்டால் ஃபேன் ஆடுமாம். "நாளைக்கு ஒரு நாள்தானே. அப்புறம் கழட்டிடறேன்."
நாலு வாஷரை நானே எண்ணிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 9
ஓடியது. நிமிஷத்துக்கு ஒரு தகவல். மேலாளர் கைகொடுத்தார், மிச்சம் பதின்மூன்றுக்கும் செய்யச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மேலே அந்த வாஷரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12
வாஷர் இன்னும் மேலேதான். கழற்றினால் தகவல் நின்றுவிடும். மேலாளர் தினமும் திரையைப் பார்க்கிறார். நன்றாக இருந்த ஃபேனை நோயாளி ஆக்கிவிட்டேன்.

பிப்ரவரி 13
பேரிங் சூடு எழுபத்தொரு டிகிரி.

பிப்ரவரி 14
எண்பத்தாறு! அதையும் என் சென்சாரே சொல்கிறது. பேரிங் உடைந்தால் இறக்கை பிய்த்துக்கொண்டு வரும். கீழே ஆறு பேர் துணி உலர்த்துகிறார்கள். அண்ணன் அந்த ஃபேனுக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், காதைத் தீட்டிக்கொண்டு. "சத்தம் மாறினா உடனே நிறுத்திடுவேன் பாப்பா. நீ கவலப்படாத."
கடவுளே — யாரைக் காப்பாற்றத் தொடங்கினேன் நான்?
போய் சுவிட்சை அணைத்தேன்.

பிப்ரவரி 15
நாலு வாஷரையும் மேலாளரின் மேசையில் வைத்து, என் யோசனைதான் என்று சொன்னேன். அண்ணன் பேரை எடுக்கவில்லை. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "நான்தான் சார் முறுக்கினேன்" என்று நிற்கிறான், முட்டாள். மேலாளர் வாஷரை ஒதுக்கித் தள்ளினார். பிறகு, "ரெண்டு பேரும் வெளிய போங்க." அறையைவிட்டா, வேலையைவிட்டா என்று கேட்க இருவருக்குமே தைரியம் இல்லை.

மார்ச் 4
திட்டத்தை மூடிவிட்டார்கள். வேலை இருக்கிறது, என்னைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், அண்ணனுக்கு உதவியாளாக. இன்று பேட்டரி மாற்றும் நாள். அவன் ஏறினான், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது ஃபேனில் அவன் முட்டி நடுங்குவது ஏணி வழியாக என் கைக்குத் தெரிந்தது. அதை முடித்ததும் இறங்கச் சொன்னேன். மிச்சம் ஒன்பதுக்கும் நான் ஏறினேன். அவன் பிடித்துக்கொண்டான்.