மலைமேல் விட்ட பதினெட்டு ஆடுகள்

ஹல்வோர்,

மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். நான் மலைக்குப் போகிறேன், என் பதினெட்டு ஆடுகளையும் குட்டிகளையும் இறக்கிக்கொண்டுவர.

வானிலை எப்படி என்று நேற்று உன்னிடம்தானே கேட்டேன்? "மே மாசமே முடியப்போகுது, இனிமே எங்க பனி? நிம்மதியா இரு" என்றாய். இன்று கடையில் உன் தம்பி தார்யெய் கேட்கிறான்: "உங்க ஆடுங்களையும் எறக்கிட்டீங்கல்ல, அண்ணி? சாயங்காலம் பனியும் காத்தும் பலமா வருமாம். அண்ணன் நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாரு, நான் என் ஆடுங்கள எறக்கிட்டேன்." வாங்கிய ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

ஆடுகளை விற்றுவிடு என்று நீ சண்டை போட்டபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. இன்று அதுகூட வரவில்லை. பத்து நாள் குட்டிகள், ஹல்வோர்.

கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது. திறந்து, தரையில் நிறைய வைக்கோல் பரப்பி வை. தார்யெய் என்னோடு வருகிறான். நீ வராதே, உன் முழங்கால் அந்த ஏற்றத்தைத் தாங்காது.

குட்வெய்க்

உன் கையுறையைப் போட்டுக்கொண்டு போகிறேன். என்னுடையதைத் தேட நேரமில்லை. நேற்றே சொல்லியிருந்தால் இருந்திருக்கும்.