கண்ணாடிக்கு வெளியே ஓர் ஆள்

அம்மாவுக்கு உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். முழங்கால் வலி தேவலையா?

விடுமுறைக்கு உங்கள் மாப்பிள்ளையின் நண்பர்களோடு பெரிய நகரம் சுற்றிப் பார்க்கப் போனோம். ஒரு கட்டடத்தின் ஐம்பதாவது மாடியில், கண்ணாடிக்கு வெளியே ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"என்ன தங்கச்சி, உன் வீட்டுக்காரர் தினமும் பண்ற வேலைதானே!" என்றார் நண்பர்.

ஆபீஸ் வேலை என்றல்லவா இவர் என்னிடம் சொல்லியிருந்தார்! உள்ளங்கைக் காய்ப்பு உடற்பயிற்சியால் வந்ததென்று என் காதில் பூச்சுற்றியிருக்கிறார்.

"சொன்னா விட்டிருப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

கவலைப்படாதீர்கள், கயிறு கெட்டிதானாம். அத்தையிடம் மூச்சு விடாதீர்கள். கைக்குத் தடவ ஏதாவது தைலம் அனுப்புங்கள்.

இதோ, வேலைக்குக் கிளம்புகிறார், நிறுத்துகிறேன். காற்று பலமாக வீசுகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பார்க்க வேண்டும்.