கார் பார்க் கேமராவுக்கு முன்னால் ஒரு கை

என் பிரியத்துக்கும் எரிச்சலுக்கும் சம அளவில் உரிய யோகன் அண்ணே,

நீங்கள் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஆக்லாந்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மவுண்ட் ரோஸ்கில்லில் அதே மழை, அதே பஸ், அதே சனங்கள். முட்டாள்தனம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களை விட்டால் இதையெல்லாம் நான் யாரிடம் சொல்லித் திட்டுவது?

நீங்கள் ஆரம்பித்த வாட்ஸப் பனிக் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்போது அதற்குத் தலைவர் பாலாஜி. ஆல்பனியில் ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜர், எங்கள் எல்லோரையும் ‘டீம்’ என்று கூப்பிடுகிறார். தினமும் காலை ஆறு மணிக்கு தெற்கேயுள்ள பனிமலையின் நிலவரத்தை நாலே வரியில் எழுதிப் போடுவீர்களே, அந்த இடத்தில் இப்போது ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வருகின்றன. அதற்குக் கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட். போன மாதம் அவர் போட்ட படத்தில் மலை முழுக்க வெள்ளைவெளேரென்று இருந்தது. குழுவே கைதட்டியது. எனக்குச் சந்தேகம் வந்து பெரிதாக்கிப் பார்த்தால், அது போன வருஷத்துப் படம். யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். சொன்னேன். “பனி பனிதானே சார், அதுல என்ன பழசு புதுசு?” என்றார்.

நம் ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஐந்து மணி நேரம் தெற்கே காரோட்டிப் போய், பனியைத் தொட்டு, ஒரு உருண்டை பிடித்து மச்சான் முதுகில் எறிந்து, புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிற கூட்டம். குழு முழுக்கத் தேடினாலும் பனிச்சறுக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர் தேறமாட்டார்கள். ஆனால் போட்டிருக்கும் ஜாக்கெட்டைப் பார்த்தால் தென் துருவத்துக்குக் கிளம்பியவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். டயருக்குச் செயின் மாட்டத் தெரியுமா என்று கேட்டால், யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், மறுக்கவில்லை.

மலையின் வெப்சைட்டும் திருந்தவில்லை. அதன் பேச்சை நீங்கள் கல்யாணத் தரகர் பேச்சு என்பீர்கள். ‘நிலைமை இடத்துக்கு இடம் மாறுபடும்’ என்றால் கல் தெரிகிறது. ‘மென்மையான பனி’ என்றால் சேறு. ‘குடும்பத்தோடு மகிழ ஏற்ற நாள்’ என்றால் மேலே உள்ள லிஃப்ட் எல்லாம் மூடிக் கிடக்கிறது. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு பாடுபட்டீர்கள். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

நீங்கள் ஆல்பனி அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். அதனால் மலையிலும் உங்கள் கண் பனி மேல் போகாது. வெப்சைட்டில் காட்டும் கார் பார்க் கேமராவின் ஓரத்தில் தெரியும், கம்பியில் நாற்காலிகள் தொங்கும் சேர் லிஃப்டைத்தான் பார்ப்பீர்கள். “தம்பி, பனியை விடும். அந்தக் கதிரைகளை வடிவாப் பாரும். நேரா தொங்குதோ, சாய்ஞ்சு நிக்குதோ? சாய்ஞ்சா மேல காத்து. காத்தெண்டா பின்னேரம் றோட்டு ஐஸா இறுகிப்போடும். ஏறுறது பெரிய காரியமில்லை, இறங்கிறதுதான்” என்பீர்கள். அடுத்தது அந்தக் கை. யார் மலைக்குப் போனாலும், போய்ச் சேர்ந்ததும் கார் பார்க் கேமராவுக்கு முன்னால் நின்று ஒரு கையைத் தூக்க வேண்டும். நீங்கள் வீட்டிலிருந்து பார்ப்பீர்கள். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவோம். பின்னால் உங்களைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று கேலி செய்வோம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

நீங்கள் நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அங்கிருந்துகொண்டே குழுவில் போட்டீர்கள்: ‘நாளை காற்று சரியில்லை. போக வேண்டாம்.’ நான் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு மாதமாகக் கடையில் லீவு கேட்டு வாங்கியிருந்தேன். ஆத்திரம் வந்தது. மனுகாவ் மருந்துக்கடையில் எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுகிற எனக்கு, ஒரு வெப்சைட் படிக்கத் தெரியாதா? அறுபது பேர் பார்க்கிற குழுவில் எழுதினேன்: ‘யாழ்ப்பாணத்துல எத்தனை பனி பார்த்தீங்க அண்ணே?’

எத்தனை பேர் சிரித்தார்கள், தெரியுமா?

மறுநாள் போனேன். காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை, கண் கூசுகிற வெயில். கார் பார்க்கில் கேமராவைக் கடந்து நடந்தபோது என் மனைவி, “அண்ணனுக்குக் கை காட்டுங்க” என்றாள். வேண்டுமென்றே கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. மதியம் வெயிலில் இளித்தபடி ஒரு படம் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பினேன்: ‘எங்கே அண்ணே உங்க காத்து?’ இரண்டு நீல டிக் விழுந்தது. சாயங்காலம் தாவ்போ ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தியபோது, நீங்கள் போய்விட்டதாக போன் வந்தது.

ஆக, இந்த உலகத்தில் நீங்கள் என்னிடமிருந்து கடைசியாகப் பார்த்தது ஒரு நக்கல். நான் பாலாஜியைத் திட்டுவதெல்லாம் சும்மா. அந்த ஆளைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்த முருகேசன்தான் எனக்குத் தெரிகிறான். அவனைப் போல அற்பமான ஒருவனை நான் கண்டதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனவன், அதற்குப் பிறகு உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஐந்து நிமிஷ நடை.

ஆனால் ஒன்று செய்தேன். உங்கள் வேலையை எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் கேமராவைத் திறந்து கதிரைகளைப் பார்க்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் பாலாஜி பயணத்துக்குத் தேதி குறித்தார். பனியைப் பார்த்தா குறித்தார் என்கிறீர்கள்? சென்னையில் அச்சடித்த தினசரிக் காலண்டரைப் பார்த்து. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், அந்த நேரத்தில் மலையில் கால் வைக்கக்கூடாதாம். அதனால் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒன்றரை மணி நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பது என்று முடிவு. மலைக்குப் போகிற மற்றவர்கள் விடியலிலேயே போய் இடம் பிடிப்பார்கள், இவர்கள் ராகுவுக்கு வழிவிட்டு பங்கில் பப்ஸ் தின்பார்கள். இதற்கும் குழு கைதட்டியது.

தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் வேனை ஓட்டப்போவது உங்கள் மகள் தர்ஷினி. பக்கத்தில் உட்காரப்போவது அண்ணி. அந்தப் பிள்ளை இதுவரை பனி ரோட்டில் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. வெள்ளிக்கிழமை கேமராவில் பார்த்தேன், கதிரைகள் சாய்ந்திருந்தன. குழுவில் எழுதினேன்: ‘நாளை வேண்டாம். காற்று.’

பாலாஜியிடமிருந்து உடனே பதில் வந்தது. ‘வெப்சைட்ல பச்சை டிக் இருக்கு சார். மதுரையில எத்தனை பனி பார்த்தீங்க?’ சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

வேறு வழியில்லாமல் தர்ஷினிக்கு போன் செய்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. போகாதே என்றேன். “அம்மா ஆசைப்படுறா அங்கிள், செயின் போடப் பழகிட்டேன், மெல்லமா ஓடுவேன்” என்றாள். சரி, போனதும் கார் பார்க் கேமராவுக்கு முன்னால் நின்று ஒரு கையையாவது தூக்கு என்றேன்.

“அங்கிள்,” என்றாள், பாதி ஆங்கிலத்திலும் பாதி உங்கள் தமிழிலுமாக. “அண்டைக்கு அப்பா ஹாஸ்பிட்டல்ல ரெண்டு மணித்தியாலமா அந்தக் கமராவையே பாத்துக்கொண்டு இருந்தவர். முருகேசன் கை தூக்கினவனா, நீ கண்டனியா எண்டு என்னட்டக் கேட்டுக்கொண்டே இருந்தவர்.”

“நான் தூக்கலம்மா.”

“தெரியும். பிறகு உங்கட படம் வந்தது. அதைப் பாத்துச் சிரிச்சவர். ‘ஓம், போய்ச் சேந்திட்டான்’ எண்டு சொல்லிப்போட்டு டாப்லெட்டை என்னட்டத் தந்திட்டார். அதுக்குப் பிறகு அதைக் கேக்கவேயில்லை.”

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் வீட்டுக்கு வரேல்லையே” என்றாள்.

எனக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று கேட்காதீர்கள். நம்பவில்லை. என்னைத் தேற்றச் சொல்கிறாள், யாராலும் அப்படிச் சிரிக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டேன். காலையிலிருந்து சமையலறை மேஜையில் டாப்லெட்டை நிறுத்தி வைத்து உட்கார்ந்துவிட்டேன். படம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறைதான் மாறும். அந்த ஐந்து நிமிஷத்தில் என்னவெல்லாம் நினைக்க முடியும் என்று உங்களுக்குத் தெரியும். காற்று எங்கே போனதோ, கதிரைகள் நூல் பிடித்த மாதிரி நேராகத் தொங்கின. வெயில் வேறு. பதினொன்றரைக்கு அவர்களுடைய நீல வேன் வந்து நின்றது, அதுவும் வாசலுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்து. ராகுவை ஏமாற்றிய பாலாஜிக்கு எல்லாம் கூடி வருகிறது, பாருங்கள். அடுத்த படத்தில் வேன் மட்டும் இருந்தது. அதற்கடுத்ததிலும் வேன் மட்டும்தான். சோறு ஆறிப்போகிறது என்று மனைவி இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது போனில் ஒரு செய்தி விழுந்தது. பாலாஜி. கறுப்புக் கண்ணாடி, கையில் பனி உருண்டை, பின்னால் அண்ணியும் தர்ஷினியும் சிரித்தபடி. ‘எங்க சார் உங்க காத்து?’

கோபம் வரும் என்று காத்திருந்தேன் அண்ணே. சத்தியமாகக் காத்திருந்தேன். வரவில்லை. அந்த ஆளின் அசட்டுச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “போய்ச் சேர்ந்துட்டாங்க” என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தர்ஷினி சொன்னதை அந்த நிமிஷம் நம்பினேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். தலையைத் தூக்கியபோது படம் மாறியிருந்தது. வேனுக்கு முன்னால் உங்கள் மகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். பாலாஜி முட்டாள்தான், அதில் மாற்றம் இல்லை. மறுநாளே ரோஜாப்பூ வந்துவிட்டது.

இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை நான் மலைக்குப் போகிறேன். விடிவதற்கு முன்பே கிளம்பி, சரியாக ராகு காலத்தில் போய் இறங்குவேன். கதிரைகள் நேராகத் தொங்கினால் மட்டும்தான், பயப்படாதீர்கள். கார் பார்க்கில் அந்தக் கேமராவுக்கு முன்னால் நின்று, கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து உயரத் தூக்குவேன். படம் மாற ஐந்து நிமிஷம் ஆகும், அதுவரை இறக்கமாட்டேன். பார்க்கிறவன் சிரிக்கட்டும். உங்கள் டாப்லெட்டில் பார்ப்பதாகத் தர்ஷினி சொல்லியிருக்கிறாள்.

உங்கள் சொல் கேட்காத தம்பி,
முருகேசன்
மவுண்ட் ரோஸ்கில்