நீங்கள் முதல் பஸ், நான் அடுத்த பஸ்

இஞ்சாருங்கோ,

நேற்று இங்கே மெல்பேர்னில், நம் ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தில் ஏதோ வேலையாம், பதிலுக்கு பஸ் விட்டிருந்தார்கள். இரண்டு பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. முதல் பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி. சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை ஏறச் சொல்லித் தலையாட்டினார். அடுத்ததில் வருகிறேன் என்று கை காட்டினேன். அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போக, டீசல் மணம் முகத்தில் அடித்தது. அப்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கியது. முதல் பஸ் உங்களுடையது. அதில் நான் ஏறுவதில்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில் நாம் வாடகைக்கு இருந்த காலத்தில், இந்தச் சட்டத்தைப் போட்டது நீங்களா நானா என்று இப்போது நினைவில்லை. சண்டை நடந்த அந்த வருடங்களில் பிள்ளை உள்ள பல வீடுகளில் அது இருந்தது. தாயும் தகப்பனும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவதில்லை. எங்காவது குண்டு வெடித்தால் பிள்ளைக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும். மகளைப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றிவிட்டு இருவரும் காலி வீதிப் பஸ் தரிப்பு வரை ஒன்றாக நடப்போம். பஸ் வந்ததும் நீங்கள் ஏறுவீர்கள், நான் நிற்பேன். கொழும்புக் கோட்டையில் நம் அலுவலகங்களுக்கு இடையே ஒரு தெருதான் தூரம். பார்க்கிறவர்களுக்கு நாம் கோபக்காரச் சோடி.

"அதென்ன எப்பவும் நீங்கள் முதல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் பஸ்ஸிலதான் இருக்க இடம் கிடைக்கும். நீர் இளம் ஆள், நிண்டு வாரும்" என்றீர்கள். உங்களுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

ஏறியதும் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும், ஆளில்லாத பார்சல் கிடக்கிறதா என்று. சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்க வேண்டும். அதற்கு முன்பே நான், தமிழ் என்று காட்டிக்கொடுக்கும் பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் ஒட்டிவிடுவேன். பிறகு அலுவலகத்தில் போயிருந்து, பக்கத்து மேசைப் பெண்ணோடு சேலை விலையைப் பற்றிக் கதைப்பேன். பின்னேரம் மரக்கறிக்காரனோடு பேரம் பேசுவேன். அத்தனை பயத்துக்குள்ளும் கத்தரிக்காய் முற்றல் என்று எனக்குக் கோபம் வரத்தான் செய்தது.

ஒரே ஒருநாள் நீங்கள் சட்டத்தை மீறினீர்கள். சரியான மழை. உங்கள் பஸ் போய்விட்டது என்று நம்பி நான் அடுத்ததில் ஏறி உட்கார்ந்தால், பின்கதவால் நனைந்த கோழி மாதிரி நீங்கள் ஏறுகிறீர்கள். கடையில் ஒதுங்கி நின்றீர்களாம். நீங்கள் எனக்கும் சேர்த்து எடுத்த டிக்கெட்டை நடத்துனர் என் கையில் தந்து பின்பக்கம் கைகாட்டினான். திரும்பிப் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி வழியில், பம்பலப்பிட்டியில், கொட்டும் மழைக்குள் இறங்கிவிட்டேன்.

அன்று பின்னேரம், "குண்டுக்குத் தப்பிச் சளியில சாகப்போறீரோ?" என்று பகிடி விட்டீர்கள்.

"பிள்ளையை நினைச்சனீங்களோ?" என்று கேட்டேன். உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நீங்கள் என் பஸ்ஸில் ஏறவேயில்லை.

சில மாதம் கழித்து, உங்கள் பஸ் போகும் வழியில் ஒரு காலை குண்டு வெடித்தது. என் பஸ்ஸை வழியிலேயே மறித்துத் திருப்பிவிட்டார்கள். உங்கள் பஸ்ஸா, அதற்கு முந்தியதா என்று சொல்ல ஆளில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வந்து, மகளைக் கூட்டிவந்து சோறு தீத்தினேன். அவள் கதை சொல்லச் சொன்னாள், சொன்னேன். என்ன கதை என்று கேட்டால் தெரியாது. நாலு மணிக்கு, தலையெல்லாம் புழுதியோடு, முழுத் தூரமும் நடந்து வந்து வாசலில் நின்றீர்கள்.

"பிள்ளை வந்திட்டாளோ?" அதுதான் முதல் கேள்வி. "தேத்தண்ணி இருக்கோ?" அது இரண்டாவது.

மறுநாள் காலை நீங்கள் மறுபடியும் முதல் பஸ்ஸில் ஏறினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது? வேலைக்குப் போகாமல் வாடகை கட்ட முடியுமா?

மெல்பேர்னுக்கு வந்த பிறகு நீங்கள் அதையெல்லாம் லேசாக விட்டுவிட்டீர்கள். நான்தான் விடவில்லை. கல்யாண வீடுகளுக்கு இரண்டு காரில் போய் இறங்குவோம். "என்ன, வீட்டில சண்டையோ?" என்று அன்ரிமார் கேட்பார்கள். நீங்கள் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எத்தனை தரம் கெஞ்சியிருப்பீர்கள்! "இஞ்ச ஆர் குண்டு வைக்கப்போறாங்கள்? ஏறுமப்பா."

"நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்." மகள் கல்யாணம் செய்துபோன பிறகும் நான் அதையே சொன்னேன். பிடிவாதம் என்று நீங்கள் நினைத்தீர்கள். பயம்தான். நாடு மாறினால் போய்விடும் என்று நானும் நினைத்தேன், போகவில்லை.

போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தீர்கள். அம்புலன்ஸ் கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில், கெதியாகத்தான் வந்தது. உங்களை உள்ளே ஏற்றிவிட்டு, அதில் வந்த இளம்பெண் என்னைப் பார்த்து, முன்னால் ஓர் இருக்கை இருக்கிறது, வாருங்கள் என்றாள்.

"யூ கோ. ஐ கம் பிஹைன்ட்."

யோசித்துச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சொன்னதை வாய் தானாகச் சொல்லிவிட்டது. கதவு மூடி, வண்டி திரும்பிய பிறகுதான் அதன் பின்னால் தெரு முனை வரை ஓடினேன். காரை எடுக்கத் திறப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை, மகளுக்குப் போன் செய்தேன். மகள் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போக அரை மணித்தியாலம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த அம்புலன்ஸ் பெண் போகாமல் எனக்காக நின்றாள். வழியில் நீங்கள் ஏதோ சொன்னீர்களாம், இரண்டு தரம், தமிழில். தனக்கு விளங்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்ன கேட்டீர்கள்? தண்ணீரா? மகளையா? என்னையா? பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் சொன்னதற்கு "ஓம்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவை ஏற்ற மறுத்துவிட்டார்கள் என்றுதான் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை அவள் கூப்பிட்டாள். அடுத்த மாதம் எல்லாருமாக சிட்னிக்குப் போய், ஹெலன்ஸ்பர்க் கோயிலில் உங்கள் ஆத்மசாந்திக்குப் பூசை செய்வதாக ஏற்பாடு. அவள், மருமகன், பேத்தி, நான், நாலு பேருக்கும் ஒரே பிளைட்டில் டிக்கெட் போடப்போகிறாளாம்.

"எனக்கு வேற பிளைட்டில போடு பிள்ளை" என்றேன்.

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நீங்களும் அப்பாவும் ஒண்டாப் போகாம விட்டது எனக்கு ஒராள் மிஞ்ச வேணுமெண்டுதானே? இப்ப நீங்கள் தனியா வந்து ஆருக்கு மிஞ்சப்போறியள்?"

நோகடிக்கக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. "சரி, அதிலயே போடு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அத்தனை காலைகள் காலி வீதியில் நின்றோமே, ஒருத்தர் மிஞ்ச வேண்டும் என்பதற்கு மேல் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பாட்டுக்குப் போன பிறகு மிஞ்சுகிற ஆள் என்ன செய்வது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாம் நினைத்தபடியே நடந்துவிட்டது. நான் மிஞ்சிவிட்டேன்.