சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு

நண்பா,

இன்று மாலை மேடைக்குக் கொண்டுபோக ஒரு கைவிளக்கைத் தேடினேன். இழுப்பறையில் உன்னுடையது கிடைத்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கலைக்காதிருக்க நீ கண்ணாடிமேல் ஒட்டிய சிவப்புத் தாளின் முனை உரிந்திருக்கிறது. அன்று உன் இருட்டறையிலிருந்து நான் வெளியேற இதைத்தான் என் கையில் திணித்தாய். திருப்பித் தரவில்லை. உன்னோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவன் எதைத் திருப்பித் தருவான்?

என் ஐயத்தை நீ அறிவாய். பட்டிமன்றங்களில் என் எதிரணித் தலைவர், நான் சொல்லவிருந்த வாதங்களுக்கெல்லாம் முன்கூட்டியே விடை வைத்திருந்தார். அவற்றை உன் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். காட்டிக்கொடுத்தவன் நீயன்றி வேறு யார்? கையும் களவுமாகப் பிடிக்க, ஒரு நண்பகலில் உன் கண் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். மூடிய அறைக்குள் அந்தத் தலைவரின் குரல்: "இப்பத் தெரியுது... இப்பத் தெரியல."

கதவை விரியத் திறந்து உள்ளே நுழைந்தேன். நீ கத்தினாய்:

"சாத்துடா கதவ! மூணு மணி நேரமா இருட்டுல உக்காந்திருக்காரு. அம்புட்டும் போச்சு!"

"இவருக்கு இங்கே என்ன வேலை?"

"அத அவருதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன் மாப்ள."

பிறகு நடைவழியில் நிறுத்திப் பாடம் எடுத்தாய். மங்கலான ஒளியில் பார்க்க உதவும், விழித்திரையின் குச்சி உயிரணு ஒன்றை எழுப்ப ஒரேயோர் ஒளித்துகள் போதும். எழுந்ததை அடக்கச் சில புரதங்கள் உண்டு. அவற்றின் அளவு குறைந்தால், துகள் வந்துபோன பின்னும் உயிரணு அடங்காது. வந்த சைகை நீண்டுகொண்டே போகும். "ஒனக்கு அந்தப் புரதம் கொறச்சல்டா. ஒரு பொறி விழுந்தா அணைய மாட்டேங்குது" என்று சிரித்தாய். பேச்சை மாற்றுகிறாய் என்றே கொண்டேன். நெஞ்சு நின்று நீ இறந்த செய்தி வந்தபோதும் அந்த ஐயம் என்னைவிட்டுப் போகவில்லை.

சென்ற வாரம் திருவாதவூர்ப் பட்டிமன்றம் முடிந்ததும் மின்சாரம் போனது. மேடைப் படியில் ஒரு கை என் தோளைப் பற்றியது. அவர்தான்.

"அண்ணே, பிடிச்சுக்கிறேன். வெளிச்சத்துல இருந்துட்டு இருட்டுக்கு வந்தா மணிக்கணக்கா ஒண்ணும் தெரியாது. கண்ணுல அணைக்கிற புரதம் ஒண்ணு எனக்குப் பொறவியிலயே இல்லியாம். ஒங்க சிநேகிதரு சொல்லலியா?"

"சொல்லவில்லை. என் வாதங்களை மட்டும் உங்களிடம் சொன்னானோ?"

"அவரா?" அவர் சிரித்தார். "மாட்டுத்தாவணி பஸ்டாண்டு டீக்கடைல நின்னுக்கிட்டு, டீ ஆறுற வரைக்கும் ஒத்திகை பாக்குறீக. பஸ்ஸுல ஒக்காந்திருக்கவனுக்கெல்லாம் கேக்குது. எனக்குக் கண்ணுதாண்ணே கோளாறு, காது நல்லாத்தான் இருக்கு."

அவர் பிணியை என்னிடமும், என் வாதங்களை அவரிடமும் சொல்லாமலே போய்விட்டாய். ஊரறிய உளறியவன் நான்.

இன்று மீண்டும் அவரோடு மேடை. சிவப்புத் தாளை உரிக்க மனமில்லை. விளக்கை அப்படியே அவர் கையில் கொடுத்து, இறங்குவதற்கு என் தோளையும் தருவேன். ஆனால் ஒன்று. அப்போதும் என் கை, சட்டைப்பையிலுள்ள குறிப்புத்தாளைப் பொத்திக்கொண்டுதான் இருக்கும். நீ சொன்ன அந்தப் பொறி இன்னும் முழுதாய் அணையவில்லையடா.